தொன்கொத்சு ராமென்: வாடை போனால் ருசி நிற்குமா?

ரேணுகா:
அடுத்த மாதம் வேலை விஷயமாக ஜப்பானில் ஃபுகுவோகா போகிறேன். பன்றி எலும்பைக் காய்ச்சிய சாற்றில் நூடுல்ஸ் போட்டுத் தரும் தொன்கொத்சு ராமெனை அது பிறந்த பக்கத்திலேயே சாப்பிட்டுப் பார்க்க ஆசை. ஒரு தோழி, "பழைய கடைப் பக்கம் போகாதே, தெருமுனையிலேயே வாடை தூக்கியடிக்கும்" என்கிறாள். இன்னொருத்தி, "வாடை இல்லாத கடைக்குப் போவதற்கு ஃபுகுவோகா எதற்கு?" என்கிறாள். யார் சொல்வதைக் கேட்கலாம்?

கடலோடி:
இரண்டாவது தோழி சொல்வதைக் கேளுங்கள்.

தொன்கொத்சு பிறந்தது ஃபுகுவோகா நகரின் ஹகாட்டா பகுதியில் இல்லை, அதற்குத் தெற்கே இருக்கும் குருமே என்ற ஊரில். 1937இல் அங்கே 'நான்கின் சென்ரியோ' என்ற தள்ளுவண்டிக் கடை பன்றி எலும்புச் சாற்றில் ராமென் விற்றது. அந்தச் சாறு இன்றைக்குப் போல வெள்ளையாக இருக்கவில்லை. 1947இல் 'சான்கியூ' என்ற கடையின் உரிமையாளர் வெளியே போயிருந்தபோது அடுப்பு அளவுக்கு மேல் எரிந்து, சாறு பால் மாதிரி வெளுத்துவிட்டது, வாயில் வைத்துப் பார்த்தால் அபார ருசி என்று ஊரில் கதை சொல்வார்கள்.

குருமேயின் பழைய கடைகளில் அண்டாவை முழுதாகக் காலி செய்ய மாட்டார்கள். சாறு குறையக் குறைய, புது எலும்பு போட்டுக் காய்ச்சியதை அதிலேயே சேர்த்துக்கொண்டே போவார்கள். இதற்கு யோபிமோதோஷி என்று பெயர். நேற்றைய சாறும் இன்றைய சாறும் கலப்பதில்தான் அந்த ஆழம் வருகிறது. வாடையும் அங்கிருந்துதான் வருகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் எடுத்துவிட முடியாது.

பொன்னி:
கடலோடி அண்ணா, வரலாறு எல்லாம் சரி. ஆனால் வெள்ளை நிறத்துக்கும் வாடைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. விடாமல் தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு சிறு துளிகளாக உடைந்து அந்த ஜெலட்டினோடு சாற்றில் மிதக்கிறது. அதுதான் வெள்ளை, அதுதான் நாக்கில் படியும் வழவழப்பு. சிறு தீயில் வைத்தால் அதே எலும்பு தெளிந்த சாறாகவே நிற்கும்.

வாடையைக் குறைக்க வேண்டிய வேலை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. எலும்பைத் தண்ணீரில் ஊறவைத்து ரத்தத்தை இறக்க வேண்டும். ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். எலும்பு இடுக்கில் ஒட்டியிருக்கும் கறுப்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆட்டுக்கால் பாயாவுக்குக் காலைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் நம் வீட்டில் யாராவது தொடுவார்களா? இங்கே மட்டும் அந்த வாடைக்கு ஏன் மரியாதை?

1985இல் கவாஹாரா ஷிகெமி ஃபுகுவோகாவின் தாய்ம்யோ பகுதியில் இப்புடோ என்ற ராமென் கடையைத் தொடங்கினார். ராமென் கடை என்றாலே அழுக்கு, நாற்றம் என்று பெண்கள் ஒதுங்கியிருந்த காலம். அவர்களும் தயங்காமல் வந்து உட்காரும் கடையாக அதை அமைத்தார். வாடையைக் குறைத்துச் சாற்றை மிருதுவாக்கினார். அது ருசியைக் கெடுத்த வேலை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவைத்த சாப்பாட்டுக்கு அவர் கதவைத் திறந்துவிட்டார்.

கடலோடி:
பெண்கள் வந்து உட்காரும்படி கடையை மாற்றியது நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பழைய கடைக்காரர்கள் எலும்பைக் கழுவுவதில்லை என்று யார் சொன்னது? அவர்களும் ரத்தத்தை இறக்குகிறார்கள், நுரையை எடுக்கிறார்கள். பிறகு எலும்பு உடைந்து மஜ்ஜை முழுதும் சாற்றில் இறங்கும்வரை விடாமல் காய்ச்சுகிறார்கள். கழுவாத எலும்பின் கவிச்சி வேறு, நன்றாக முதிர்ந்த சாற்றின் வாடை வேறு. முதலாவது கடைசி வாய்வரை தொண்டையிலேயே நிற்கும். இரண்டாவது வாசலில்தான் முகத்தில் அடிக்கும், கிண்ணத்தில் குனிந்து இரண்டு கரண்டி குடித்ததும் தெரியாது. அப்புறம் உதட்டில் ஒரு பிசுபிசுப்பும் இனிப்பும்தான் மிஞ்சும்.

மாறன்:
இரண்டு பேரும் சாற்றிலேயே நிற்கிறீர்கள். ரேணுகா, நூடுல்ஸ் பற்றியும் தெரிந்துகொண்டு போங்கள். ஹகாட்டா நூடுல்ஸ் மெலிசு, நேர், மாவில் தண்ணீர் குறைவு. அதனால் சீக்கிரம் ஊறிவிடும். அதற்காகத்தான் முதலில் கொஞ்சமாகத் தந்து, தீர்ந்ததும் நூடுல்ஸ் மட்டும் இன்னொரு பிடி போடும் காயெதாமா வழக்கம் வந்தது. மீன் சந்தைத் தொழிலாளிகளுக்கு அவசரமாகப் பரிமாறிய, ஃபுகுவோகாவின் நாகஹாமா பக்கத்துக் கடைகளில் தொடங்கியது அது. சாற்றை முதலிலேயே குடித்துத் தீர்த்துவிட்டால் காயெதாமாவை எதில் போடுவீர்கள்?

எவ்வளவு வேகவேண்டும் என்றும் கேட்பார்கள். நண்பர்கள் சொன்னார்கள் என்று உடனே 'பரிகட்டா' என்று சொல்லிவிடாதீர்கள். அது மிகவும் விறைப்பான, குறைவாக வெந்த பதம், மாவு வாசம் அடிக்கலாம். முதல் தடவைக்கு, கொஞ்சம் விறைப்பான 'கட்டா' போதும்.

பொன்னி:
மாறன் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். மேசையில் காரமான தகானா கீரை ஊறுகாய், சிவப்பு இஞ்சி, எள், பூண்டு எல்லாம் இருக்கும். எடுத்த எடுப்பில் தகானாவைக் கொட்டாதீர்கள். அது சாற்றையே மாற்றிவிடும். முதலில் வெறும் சாறு, பாதியில் எள், கடைசியில் இஞ்சி. உப்பு அதிகம், அதனால் சாற்றை முழுதும் குடித்தே ஆகவேண்டும் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் கடலோடி அண்ணா, வாசலில் முகத்தில் அடிக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பயணத்துக்கு வந்து, பசியோடு நிற்கிற ஒருத்தர் அந்த வாசலைத் தாண்டவில்லை என்றால் உங்கள் ஆழமான சாற்றால் அவருக்கு என்ன பிரயோஜனம்? முதல் நாள் மிருதுவான கிண்ணம், பிடித்திருந்தால் மறுநாள் குருமே. அதுதான் நியாயமான வரிசை.

ரேணுகா:
ஒரு சந்தேகம். தனித்தனித் தடுப்பு வைத்த கடை ஒன்று இருக்கிறதாமே, அது எப்படி?

மாறன்:
இச்சிரான். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் தடுப்பு, முன்னால் ஒரு திரை. சாறு எவ்வளவு திடமாக, எண்ணெய், பூண்டு, காரம், நூடுல்ஸ் பதம் எல்லாவற்றையும் தாளில் குறித்துக் கொடுத்தால் போதும். மொழி தெரியாதவர்களுக்கு நல்ல வசதி. தனியாகப் போகிறீர்கள் என்றால் கூச்சமே இருக்காது.

கடலோடி:
வசதிதான். ஆனால் அங்கே அண்டாவைப் பார்க்க முடியாது, சமைப்பவர் முகமும் தெரியாது. பழைய கடையில் அவர் சல்லடையை உதறித் தண்ணீரை வடித்து நூடுல்ஸைக் கிண்ணத்தில் விடுவது உங்கள் கண் முன்னால் நடக்கும். நூடுல்ஸ் சாற்றில் விழும்போது எழும் ஆவி நேராக முகத்துக்கு வரும்.

பொன்னி சொல்லும் வரிசை எனக்குச் சரிப்படவில்லை. மிருதுவானதை முதலில் குடித்துவிட்டால் நாக்கு அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். பிறகு குருமே போனால் வாடை மட்டும்தான் தெரியும். முதல் கிண்ணம் குருமேயிலேயே ஆகட்டும், ரேணுகா. ஃபுகுவோகாவின் தென்ஜின் நிலையத்தில் நிஷிதெத்சு நிறுவனத்தின் விரைவு ரயில் ஏறினால் அரைமணி நேரம்தான். மதியக் கூட்டம் கலைந்தபிறகு போங்கள், அண்டாவுக்கு எதிரே இடம் கிடைக்கும்.