பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா?

மன்னைவாசி:
வீட்டில் நான்காம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்து குரோம் வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது. மகளின் படிப்பு, வரவு செலவுக் கணக்கு, குடும்பப் படங்கள், இவ்வளவுதான் வேலை. 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா, சிப்பில் சேமிக்கும் 256 ஜிபி எஸ்எஸ்டியா?

குடந்தை ஸ்டூடியோ:
ஹார்ட் டிஸ்க்தான். கல்யாணம், கும்பாபிஷேகம் எல்லா வீடியோவும் நான் அதில்தான் வைத்திருக்கிறேன். கெடுவதற்கு முன் பெரும்பாலும் சத்தம் போடும், காப்பி இழுக்கும். நமக்கு அவகாசம் கிடைக்கும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். தவறி அழித்த படத்தைக்கூட ஹார்ட் டிஸ்க்கில் பல நேரம் மீட்கலாம். எஸ்எஸ்டியில், அழித்த இடத்தைக் காலி செய்யும் ட்ரிம் ஓடிவிட்டால் அவ்வளவுதான்.

தஞ்சை சர்வீஸ்:
அண்ணே, அவர் ஸ்டூடியோவுக்குக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் திறக்க நேரமாகிறது என்கிறார். ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் (7200 ஆர்பிஎம்) தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிக்கிறது. படிக்கும் ஹெட் நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை ஒவ்வொரு தடவையும் காத்திருப்புதான். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, அதே வேலை 0.1 மில்லி செகண்ட் அளவில் முடிகிறது. பெரிய வீடியோவைக் காப்பி செய்தால் வித்தியாசம் மூன்று நான்கு மடங்குதான். திறப்பதில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

குடந்தை ஸ்டூடியோ:
வேகம் சரி தம்பி. நம் பக்கத்துக் கரண்ட்?

தஞ்சை சர்வீஸ்:
எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று போனால் இரண்டுக்குமே ஆபத்து. அதற்கு யூபிஎஸ்தான் வழி, டிஸ்க்கை மாற்றுவதில்லை.

வேதாரண்யம் உப்பளம்:
2018 நவம்பர் 16-ல் கஜா புயல் எங்கள் பக்கம்தான் கரையைக் கடந்தது. கரண்ட் வர வாரக்கணக்கானது. மழைத் தண்ணீர் இறங்கிய வீட்டில் எந்த டிஸ்க்காக இருந்தால் என்ன? படங்களுக்கு ஒரு நகல் வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டிலோ கிளவுடிலோ இருக்க வேண்டும். அந்த நகலை மட்டும் எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். வருடக்கணக்கில் கரண்ட் காட்டாமல் கிடந்தால் உள்ளே தகவலைத் தாங்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். பீரோவுக்கு ஹார்ட் டிஸ்க் தேவலாம்.

மன்னைவாசி:
அப்படியென்றால் விண்டோஸுக்கு எஸ்எஸ்டி, படங்களுக்கு இருக்கிற 500 ஜிபி. இன்னும் வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கலாமா?

தஞ்சை சர்வீஸ்:
வேண்டாம். அந்தத் தலைமுறை போர்டுகளில் அதைச் செருகும் எம்.2 ஸ்லாட் பெரும்பாலும் இருக்காது. ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே வகைக் கேபிளில் மாட்டும் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும்.

குடந்தை ஸ்டூடியோ:
எஸ்எஸ்டி போடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய 500-ஐ நம்பிப் படங்களை விடுவதை நான் ஒப்ப மாட்டேன். முதலில் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட இடங்கள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் புது 1 டிபி வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையா என்று கேளுங்கள். அதில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். நிறைய எழுதினால் திணறும். படம் சேர்த்து வைக்க மட்டும் என்றால் அதுவும் பரவாயில்லை.