வலிப்பு வந்தபோது பக்கத்தில் இருந்தது யார்?

பகிர்வைத் தொடங்குபவர்: பொது மருத்துவர், தருமபுரி பக்கம்

ஆறு வருடமாக ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் வலிப்பு நோய் பற்றி ஒருநாள் வகுப்பு எடுக்கிறேன். நான் நரம்பியல் நிபுணர் இல்லை. பொது மருத்துவம் படித்தவன். ஒரு பெண்ணைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன். அதை முதலில் சொல்கிறேன். அப்புறம் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள், வகுப்புக்கு அவை வேண்டும்.

அவளுக்கு 22 வயது. சளி, காய்ச்சல் என்று ஓ.பி.க்கு வந்தாள். வாயைத் திறக்கச் சொன்னால், ஈறு வீங்கிப் பல்லில் பாதி வரை ஏறியிருக்கிறது. வலிப்பு மாத்திரையான ஃபெனிட்டாயின் ஈறை இப்படி வீங்கவைக்கும். அதைச் சாப்பிடுகிறாயா என்றேன். மூன்று வருடமாக என்றாள். எதற்கு? ஃபிட்ஸுக்கு. அது வந்தபோது பக்கத்தில் யார் இருந்தது? கூட வந்திருந்த அம்மா, "நான்தான் சார் நின்னேன்" என்றார். என்ன பார்த்தீர்கள் என்று அந்த மூன்று வருடத்தில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

அவர் சொன்னது இதுதான். தேர்த் திருவிழா. காலையிலிருந்து விரதம். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். "கண்ணை இருட்டுது, காது அடைக்குதும்மா" என்றிருக்கிறாள் பெண். முகம் வெளுத்து, வேர்த்து, அப்படியே சரிந்திருக்கிறாள். கை இரண்டு மூன்று தடவை வெட்டியது. தண்ணீர் தெளிப்பதற்குள் கண் விழித்து, "ஏன் எல்லாரும் சுத்தி நிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

இது மயக்கம். மூளைக்குப் போகிற ரத்தம் சில நொடி குறைந்தாலே கை கால் வெட்டும். பெரிய வலிப்பு வந்தவர் இப்படிச் சட்டென்று தெளிந்து பேசமாட்டார். குழப்பம் இருக்கும், அடித்துப்போட்டது போல உடம்பு வலிக்கும், நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கலாம். ஆனால் 'வெட்டியது' என்ற ஒரு சொல்லை வைத்து ஓர் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுத்து, அதில் லேசான மாற்றம் என்று எழுதி, மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். இ.இ.ஜி. வலிப்பைக் கண்டுபிடிக்கிற கருவி என்ற நினைப்பு நம் மருத்துவர்களிடமே ஆழமாக இருக்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. நார்மலாக வரும். நோய் இல்லாத சிலருக்கு மாற்றம் காட்டும். கதையைக் கேட்டு நாம் ஒரு முடிவுக்கு வந்த பிறகு துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டிய பரிசோதனை அது.

இதயத்தில் கோளாறு இல்லை என்று ஈ.சி.ஜி.யில் உறுதி செய்து, நரம்பியல் மருத்துவரிடம் கலந்து பேசி, சில மாதங்களில் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினோம். அதற்குள் இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பை 1999இலேயே எடுத்துவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்களின் மனதிலிருந்து அது இன்னும் போகவில்லை.

வகுப்பில் முதல் ஒரு மணி நேரம் மருந்துப் பேச்சே கிடையாது. ஒரு வீடியோ போடுவேன். நோயின் பெயரைச் சொல்லக்கூடாது, பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்: முதலில் எது அசைந்தது, கண் எந்தப் பக்கம் போனது, கூப்பிட்டால் திரும்பியதா, எவ்வளவு நேரம். பிறகு ஒருவர் அம்மாவாக உட்கார்ந்து விவரிக்க, இன்னொருவர் அந்த வலிப்பைச் செய்து காட்டி, "இப்படியா?" என்று கேட்க வேண்டும். பிரிட்டிஷ் குழந்தை நரம்பியல் சங்கம் 'பெட்' (PET) என்று குழந்தைகளின் வலிப்பு பற்றி ஒருநாள் பயிற்சி நடத்துகிறது, பல நாடுகளில். அதிலும் அடிப்படை இதுதான்: பெயர் பிறகு, விவரிப்பு முதலில்.

ஸ்டாஃப் நர்ஸ், அவசர சிகிச்சைப் பிரிவு

டாக்டர் சார், என்னுடையது வேறு மாதிரி. எங்களுக்கு வந்த பையனுக்கு ஃபிட்ஸ் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தெரிந்தும் தவறு நடந்தது.

ஏழு வயது, 20 கிலோ. அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். வீட்டிலிருந்து கிளம்பி இருபது நிமிடம் ஆகியும் இழுப்பு நிற்கவில்லை. டூட்டியில் இருந்தவர் புதியவர். மூச்சு நின்றுவிடுமோ என்ற பயத்தில் இழுப்பை நிறுத்துகிற டயஸிபாம் ஊசியை ஒரு மில்லிகிராம் மட்டும் போட்டார். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அந்த எடைக்கு ஒரே தடவையில் 4 முதல் 6 மில்லிகிராம் போயிருக்க வேண்டும். பிச்சுப் பிச்சுக் கொடுத்ததில் மருந்து வேலையும் செய்யவில்லை, நேரமும் போய்விட்டது. அடுத்து ஃபெனிட்டாயின். அவசரத்தில் கைக்குக் கிடைத்த டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) பாட்டிலில் கலந்தேன், கலந்தது நான்தான். கண் முன்னால் கலங்கலாகிப் படிகம் கட்டியது. அதைக் கொட்டிவிட்டு நார்மல் சலைனில் (உப்பு நீரில்) மறுபடி கலந்து ஏற்றி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் கடந்திருந்தது. பையன் பிழைத்தான். இரண்டு நாள் வென்டிலேட்டரில் இருந்தான்.

பிறகு எங்களுக்கு ஒரு பயிற்சி கிடைத்தது. பொம்மை, கடிகாரம், நான்கு பேர் கொண்ட குழு. கடிகாரம் ஓட ஓட ஒருவர் நிமிடத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் என்று காத்திருக்கக்கூடாது என்பது எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததுதான். ஆனால் 'மூன்று... நான்கு... ஐந்து' என்று ஒருவர் கத்தும்போதுதான் அது கைக்கு வந்தது. ஊசிக்கு நரம்பு கிடைக்கவில்லையா, தேடிக்கொண்டு நிற்காதே, டயஸிபாம் வகை மருந்தான மிடாசோலத்தை மூக்கில் அடி, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். மூச்சு நிற்கும் என்று பயந்த அந்த டாக்டரையும் அதே வகுப்பில் பார்த்தேன். மருந்தைவிட நிற்காத இழுப்புதான் மூச்சுக்குப் பெரிய ஆபத்து என்று அங்கே சொன்னபோது அவர் கண் கலங்கியது.

இப்போது எங்கள் சுவரில் எடை வாரியாக டோஸ் எழுதி ஒட்டியிருக்கிறோம். சலைன் பாட்டிலும் ஃபெனிட்டாயினும் ஒரே தட்டில்தான் இருக்கும்.

ஒரு தாய்

நான் மருத்துவத் துறை இல்லை. எழுதலாமா என்று யோசித்தேன். வகுப்புக்கு வேண்டும் என்றதால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஐந்து மாதம் இருக்கும். தூங்கி எழுந்ததும் இரண்டு கையும் விரியும், தலை முன்னால் குனியும், ஒரு நொடிதான். சரியாகிவிடும். பத்து நொடி கழித்து மறுபடி. இப்படிப் பதினைந்து, இருபது தடவை வந்து, முடிந்ததும் வீரிட்டு அழுவான். மாமியார், உரம் விழுந்திருக்கிறது என்றார். சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்தோம். கிளினிக்கில் வயிற்று வலி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில், குழந்தைகள் திடுக்கிடுவது சகஜம், முதல் குழந்தை என்பதால் பயப்படுகிறீர்கள் என்றார்கள். ஆனால் அவன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். என் முகத்தைப் பார்த்துச் சிரித்த பிள்ளை, சுவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான். இதை நான் சொன்ன இடத்தில் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஐந்து வாரம் இப்படிப் போனது. தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு சின்ன வயது டாக்டர், பயிற்சியில் இருப்பவர் என்று நினைக்கிறேன், "அம்மா, அது வரும்போது போனில் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். எடுத்திருந்தேன். பார்க்க ஆரம்பித்து அரை நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்து போய் பெரிய டாக்டரைக் கூட்டி வந்தார். அன்றைக்கே இ.இ.ஜி., அன்றைக்கே அட்மிஷன், மறுநாள் ஹார்மோன் ஊசி. இரண்டாவது வாரத்தில் அந்த உதறல் நின்றது.

அவனுக்கு இப்போது நான்கு வயது. நடக்கிறான். பேச்சு இப்போதுதான் வருகிறது. அந்த ஐந்து வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இல்லாத நாளே கிடையாது.

தொடங்கியவர்

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். 1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் மகனுக்கு வந்த இதே குனிவைப் பற்றி லான்செட் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதனால்தான் கைக்குழந்தைகளுக்கு வரும் இந்த வலிப்புக்கு இன்றைக்கும் வெஸ்ட் நோய்க்குறி என்று பெயர். அவரும் ஒரு தகப்பனாக, தினமும் பக்கத்தில் இருந்து பார்த்ததைத்தான் எழுதினார். நீங்கள் 'சுவரைப் பார்ப்பது போல' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும், பயிற்சி பெற்ற காதுக்கு. இது மாதங்கள் காத்திருந்து பார்க்கிற நோய் இல்லை. மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

மருத்துவர், மதுரை

என் பார்வை ஒரு கேள்வியால் மாறிப்போனது. கல்லூரி விடுதிப் பையன், 18 வயது. பரீட்சைக்காக இரவெல்லாம் விழித்துப் படித்துவிட்டு, காலையில் பெரிய வலிப்பு. நான் கார்பமாஸெபின் என்ற வலிப்பு மாத்திரையை எழுதினேன். அடுத்த மாதம், முன்பைவிட மோசம் என்று வந்தான். டோஸைக் கூட்டினேன். இன்னும் மோசம்.

பிறகு ஒரு பயிற்சியில் மூத்த நரம்பியல் பேராசிரியர், "காலையில டம்ளர் கைநழுவுதான்னு கேட்டீங்களா?" என்றார். திரும்பி வந்து கேட்டேன். "ஆமா சார், பல் தேய்க்கும்போது பிரஷ் பறக்கும், காபி கொட்டும், அம்மா கவனமில்லைன்னு திட்டுவாங்க" என்றான். இளம்பருவத்தில் தொடங்கும் தசைவெட்டு வலிப்பு. அதில் கார்பமாஸெபினும் ஃபெனிட்டாயினும் அந்த வெட்டை அதிகப்படுத்தக்கூடும். மருந்தை மாற்றி, தூக்கம் கெடக்கூடாது என்று விடுதிக் காப்பாளரிடமே பேசிய பிறகு அடங்கியது. காபி கொட்டியதை அவனாகச் சொல்லமாட்டான், அதை நோய் என்று அவன் நினைக்கவே இல்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

கிராம சுகாதார செவிலியர், ஈரோடு பக்கம்

எங்கள் பகுதியில் எண்ணெய் தேய்த்துத் தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றும்போது சிலருக்கு வலிப்பு வருகிறது. சாமி வந்தது என்றும் காத்து கருப்பு என்றும் சொல்வார்கள். இது தென்னிந்தியாவில் நன்றாகப் பதிவான ஒரு வகை வலிப்பு என்று பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பையனுக்கு, தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, தலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னதிலேயே நின்றுவிட்டது. தேவைப்பட்டால் குளிப்பதற்கு முன்னால் போடுகிற மாத்திரை இருக்கிறது, அதை டாக்டர் முடிவு செய்வார். வீட்டுக்கு வீடு போகிற எங்களுக்கும் இந்த வகுப்பு வேண்டும் சார். குளியலறை வரைக்கும் போகிற கதையை எங்களிடம்தான் சொல்வார்கள். இன்னொன்று, கையில் சாவி கொடுப்பதை நிறுத்தவைக்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஒருக்களித்துப் படுக்கவைப்பதை மட்டும் விடாமல் சொல்கிறேன்.

ஒரு அக்கா

டாக்டர் சார், என் தங்கைக்கு 20 வயது, வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறாள். அடுத்த வருடம் கல்யாணம். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

தொடங்கியவர்

இருக்கிறது, முக்கியமானது. நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடரும் ஆபத்து உண்டு. ஆனால் கல்யாணத்துக்கு முன்பே அவளை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கர்ப்பக் காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்தவர்களின் குழந்தைகளில் 100க்கு சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது, குழந்தையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். மாற்று மருந்துகள் இருக்கின்றன, மாற்றி நிலைப்படுத்தச் சில மாதங்கள் வேண்டும். ஃபோலிக் ஆசிட் பற்றியும் கேளுங்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்தில் 1998 முதல் வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு வைத்துப் பின்தொடர்கிறார்கள். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்ல குழந்தையைப் பெறுகிறார்கள். இதை மாப்பிள்ளை வீட்டுக்கும் தைரியமாகச் சொல்லலாம்.

செவிலியர் அம்மா சொன்னதற்கும் ஒரு வார்த்தை. நம் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் எளந்தூர் தாலுக்காவில் டாக்டர் கே.எஸ்.மணியும் மற்றவர்களும் கிராமத்திலேயே ஃபீனோபார்பிட்டலும் ஃபெனிட்டாயினும் கொடுத்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2001இல் லான்செட்டில் வந்தது. விலை குறைந்த பழைய மாத்திரை, விடாமல் வீடு தேடிப் போகிற ஆட்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அத்தனை பேரையும் நரம்பியல் நிபுணர்களே பார்க்க முடியாது. நம்மைப் போன்றவர்கள்தான் பார்க்க வேண்டும். அடுத்த வகுப்பில் கிராம செவிலியர்களுக்கும் இடம் கேட்டு இன்றைக்கே எழுதுகிறேன்.

அந்தத் தாய்

அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது சார். அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. வகுப்பில் காட்டுவதாக இருந்தால் தருகிறேன், கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள். என் பிள்ளையின் முகத்தை மறைக்க வேண்டாம். மறைத்தால் அந்தக் கண் தெரியாது.