கழற்றி மாட்டும் விண்ட்ஷீல்டு: நான் பட்டது, நீங்கள் பட்டதையும் சொல்லுங்கள்

க்ரூஸர் பைக்குக்கு விண்ட்ஷீல்டு (முன்னால் மாட்டும் காற்றுத் தடுப்புக் கண்ணாடி) தேடியபோது நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: பெரியதாக இருக்க வேண்டும். நாள் முழுக்க நெஞ்சில் அறையும் காற்றோடு மல்லுக்கட்டி, இறங்கும்போது கழுத்தும் தோளும் மரத்துப் போயிருக்கும். வாங்கி மாட்டியதும் மேல்விளிம்பு என் கண்ணுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. பகலில் சொர்க்கம்.

அடுத்த வாரமே இரவில் மழை பிடித்துக்கொண்டது. இதற்கு வைப்பர் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. எதிரே வரும் விளக்கு ஒவ்வொரு துளியிலும் சிதறி, சாலை எது, ஓரம் எது என்றே தெரியவில்லை. ஹெல்மெட் வைசரிலும் தண்ணீர், கண்ணாடியிலும் தண்ணீர். ஃபுட்போர்டில் பாதி எழுந்து, விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தபடி ஊர்ந்தே வந்து சேர்ந்தேன்.

கண்ணாடி வழியாகப் பார்க்கக் கூடாது, அதற்கு மேலே பார்க்க வேண்டும். விளிம்பு மூக்கு உயரத்தில் நின்றால் போதும்; காற்று அங்கிருந்து எகிறி ஹெல்மெட்டைத் தாண்டிவிடும். இரண்டாவது கண்ணாடி வாங்கும் முன் அட்டையை வெட்டி டேப் ஒட்டி அளந்தேன். அளக்கும்போது விறைப்பாக உட்காராதீர்கள். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு எப்படிச் சரிந்து உட்காருவோமோ, அப்படி.

* * *

எனக்கு நேர் எதிர். குட்டையாக, தாடை உயரத்துக்கு வாங்கினேன். நெஞ்சில் காற்று நின்றது. ஆனால் 80-ஐத் தாண்டியதும் யாரோ ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டே வருவது போல இருந்தது. கண்ணாடியே இல்லாதபோதுகூட இவ்வளவு தலைவலி வந்ததில்லை. விளிம்பில் கலைந்த காற்று சரியாக ஹெல்மெட்டில் வந்து மோதியிருக்கிறது. போதாததற்கு, கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் கீழே இருந்தும் காற்று உறிஞ்சப்பட்டு மேலே வரும். கண்ணாடியைச் சற்றுப் பின்பக்கம் சாய்த்து, ஃபோர்க்குக்கு (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) இரண்டு பக்கமும் சின்னத் தடுப்புகள் போட்டதும் பாதிக்கு மேல் அடங்கியது.

* * *

'கழற்றலாம்' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எனக்கு வந்ததில் நான்கு போல்ட், ஆலன் கீ வேண்டும். கருவி இல்லாமல் அரை நிமிடத்தில் கையோடு வரவேண்டும். அதுதான் கழற்றி மாட்டுவது.

அப்புறம், ஃபோர்க் குழாயின் விட்டத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். 39 மி.மீ., 41 மி.மீ., 49 மி.மீ. என்று வண்டிக்கு வண்டி மாறும். 2 மி.மீ. தவறினாலும், கண்ணாடியைக் குழாயோடு கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் ஏறாது, அல்லது பிடிக்காது. மாட்டியபின் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்; கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் எங்கும் இழுபடக் கூடாது.

ஒரு நாள் அவசரத்தில் இடது லாட்ச் சரியாக விழவில்லை. 'டக் டக்' என்று சத்தம். ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது போல என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். நிறுத்திப் பார்த்தால் கண்ணாடி ஒரே பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது! இப்போதெல்லாம் மாட்டியதும் இரண்டு கையாலும் பிடித்து ஒரு உலுக்கு உலுக்காமல் கிளம்புவதில்லை. பக்கக் காற்று பலமாக இருந்தால் மாட்டுவதே இல்லை. ஃபோர்க்கில் நிற்கும் கண்ணாடி வாங்கும் காற்று நேராக ஹேண்டில்பாருக்குத்தான் போகிறது.

* * *

கண்ணாடி என்று சொன்னாலும் இது பிளாஸ்டிக்தான். பாலிகார்பனேட் வகை கல் பட்டாலும் லேசில் உடையாது, ஆனால் கோட்டிங் இல்லாவிட்டால் சட்டெனக் கீறும். அக்ரிலிக் அவ்வளவு கீறாது, அடிபட்டால் விரியும். நான் வாங்கியது பாலிகார்பனேட். ஸ்டிக்கர் பசையை எடுக்கப் பெட்ரோல் துணியால் துடைத்தேன். ஓரமெல்லாம் மயிரிழை விரிசல். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது. பூச்சி காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரத்துண்டைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தாலே ஊறி வந்துவிடும்.

கழற்றியதை எங்கே வைக்கிறீர்கள்? என்னுடையது சுவரில் சாய்ந்து நின்றே பாதிக் கீறல் வாங்கிவிட்டது. இப்போது பழைய கம்பளி ஒன்றைச் சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறேன். வீட்டில் ஒரே முணுமுணுப்பு.