அப்டேட் போட்டேன், தாலிகெட்டுக்கு முன்னாடியே பந்தி முடிஞ்சு போச்சு

களியக்காவிளை ஸ்டூடியோ
மனசு ஆறல்ல மக்கா, அதான் விடியக்காலையே எழுதுகேன். போட்டோ கேட்டலாக் சாப்ட்வேர் ஒண்ண எட்டு வருசமாட்டு வச்சிருக்கேன், பேரு வேண்டாம், மாசாமாசம் காசு கெட்டுகவனுக்கு எதுண்ணு தெரியும். ஆடி மாசம், அங்கோட்டு கேரளத்துல கர்க்கடகம், ரெண்டு பக்கமும் முகூர்த்தம் கெடையாது, சர்ச் கல்யாணம் மட்டும் ஒண்ணு ரெண்டு, சும்மாதானே இருக்கோம்ண்ணு புது பதிப்ப ஏத்தினேன். 1,80,000 படத்துக்கும் பிரிவியூ மறுபடி உண்டாக்கணும்ண்ணு ராத்திரி முழுக்க ஓடிச்சு, எடையில ரெண்டு தடவ கரண்டு போச்சு, யூபிஎஸ் கீ கீண்ணு கத்திட்டு கெடந்தது, அது வேற கத.

ஆவணி பொறந்ததும் நெய்யாற்றின்கரையில ஒரு கல்யாணம். முகூர்த்தம் 10:20. எனக்க கையில புது கேமரா, அசிஸ்டென்ட் பயலுக்க கையில பழசு. ரெண்டுலயும் சேத்து 3,400 படம். நேர வரிசையில அடுக்கி, பொண்ணு வீட்டுக்காரங்கள கூப்பிட்டு இருத்தி, புடிச்ச படத்துக்கு சாப்ட்வேர்ல கொடி அடையாளம் போட்டு செலக்சன் முடிச்சு, திருவனந்தபுரத்துல ஆல்பம் டிசைன் பண்ணுக பயலுக்கு அனுப்பியாச்சு. நான் வரிசைய திரும்ப பாக்கல்ல, அது எனக்க தப்பு, ஒத்துக்கிடுகேன். மறுநாள் அவன் போன் போட்டு கேக்கான், அண்ணா இந்த கல்யாணத்துல பந்தி முடிஞ்சா தாலி கெட்டினதுண்ணு.

திறந்து பாத்தா 12:30க்கு பந்தி, ஒரு மாமா போளிய பிச்சு பால்பாயசத்துல போட்டு கொழைச்சு தின்னுகாரு, அவரு கை கழுவி வெத்தல போட்ட பொறவு 3:50க்கு மாப்ள தாலி கெட்டுகான். ராத்திரி ஏழு மணி ரிசப்சன் பாதி மறுநாள் தேதி போல்டர்ல கெடக்கு. செரி பழைய பதிப்புக்கே திரும்பிரலாம்ண்ணா, இந்த கேட்டலாக் புது பதிப்புல உள்ளது திறக்க முடியாதுண்ணு சொல்லுகு. சவம். இதுக்கா நான் காசு கெட்டுகேன்?

செங்கோட்டை மாமா
ஏத்தாதீய ஏத்தாதீயன்னு எத்தன மட்டம் சொல்லுதேன். முழு எண்ணுல வாற பதிப்ப நான் தொடவே மாட்டேன், ரெண்டு மூணு திருத்தம் வரட்டும், அடுத்தவன் அடிபடட்டும், அப்புறம் பாப்போம். 2015 அக்டோபர்ல அடோபியோட போட்டோ சாப்ட்வேர் லைட்ரூம் 6.2 வந்தப்ப என்ன நடந்துச்சுன்னு ஓர்ம இருக்கா? நல்லா ஓடிட்டு இருந்த இம்போர்ட் திரைய யாரு கேட்டான்னு மாத்துனாங்க, கிராஷ் மேல கிராஷ், அடோபியே பகிரங்கமா மன்னிப்பு கேட்டு அடுத்த 6.3ல பழைய இம்போர்ட்ட திரும்ப குடுத்துச்சு. அம்புட்டு பெரிய கம்பெனிக்கே அந்த கதி, மத்தவன் எம்மாத்திரம்.

பாறசாலை டெஸ்டர்
நான் டெக்னோபார்க்குல டெஸ்டிங் வேலைதான் பாக்கேன், அந்த சாப்ட்வேர் கம்பெனி இல்ல, அத முதல்லயே சொல்லிருதேன், இல்லைன்னா காசு வாங்கிட்டு பேசுதான்னு ஒருத்தர் வருவாரு.

அண்ணா கோவப்படாதீங்க. கேட்டலாக்னு நீங்க சொல்லுதது ஒரே ஒரு டேட்டாபேஸ் பைல், இந்த மாதிரி சாப்ட்வேர் பலதும் எஸ்க்யூலைட்டுங்கிற டேட்டாபேஸ்லதான் வைக்கி. புது பதிப்பு வந்தா டேபிளோட அமைப்பே மாறும், புதுசா நெடுவரிசை சேரும், அதுக்கு அப்புறம் பழைய பதிப்புக்கு அத படிக்கத் தெரியாது. இது எல்லா கேட்டலாக் சாப்ட்வேர்லயும் உள்ளதுதான். ஏத்தும்போது காப்பி எடுக்கட்டான்னு கேட்டிருக்கும், நீங்க வேண்டாம்னு அமுக்கியிருப்பீங்க. எங்க ஆபீஸ்ல இத யூசர் எரர்னுதான் எழுதுவோம்.

களியக்காவிளை ஸ்டூடியோ
யூசர் எரரா. நல்லா இருக்கு தம்பி. காப்பி எடுக்கட்டாண்ணு கேட்டது உண்மதான், ஆனா அந்த கட்டத்துல டிக் இல்லாமதான் வந்தது, பக்கத்துலயே பெருசா நீல நெறத்துல தொடரவும்ண்ணு ஒரு பட்டன். திரும்பி வர முடியாதுண்ணு எங்கயும் எழுதல்ல. பொறவு தேடினேன், வெளியீட்டு குறிப்புல 43ஆவது வரியில கெடக்கு. மருந்து சீட்டு மாதிரி பொடி எழுத்துல எழுதி வச்சிட்டு படிக்கல்லியாண்ணு கேட்டா என்ன ஞாயம்?

காப்பி கதை கெடக்கட்டும், தாலிகெட்டு 3:50க்கு போனதும் யூசர் எரரா?

கூடலூர் கிளிக்ஸ்
ப்ரோ, கிராக் போட்ட பதிப்பா இருந்தா இப்படித்தான் ஆகும். நம்ம ஆளுங்க பாதி பேரு அதுதானே.

களியக்காவிளை ஸ்டூடியோ
பில்லு காணிக்கட்டா ப்ரோ? உங்க ஊர்ல இருந்து வந்து வாங்கிட்டு போங்க.

பாறசாலை டெஸ்டர்
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. அண்ணா ஒரு விசயம் கேக்கேன், நேரம் தப்பாட்டு காட்டுதது பழைய கேமரா படம் மட்டுமா?

களியக்காவிளை ஸ்டூடியோ
ஆமா. புது கேமரா எல்லாம் செரியா இருக்கு. பழைய கேமராவுல நேரம் தப்பா வச்சிருப்பாண்ணு அந்த பயல நல்லா வஞ்சும் விட்டேன், பாவம். கேமராவ எடுத்து பாத்தா அதுக்க பின்னால 10:20ண்ணுதான் காணிக்கு.

கொழிஞ்சாம்பாறை
ஏனுங்க, வித்தியாசம் கரெக்டா அஞ்சரை மணி நேரமுங்களா? 10:20க்கும் 3:50க்கும் அவ்வளவுதானே வருது.

பாறசாலை டெஸ்டர்
அதேதான். ராத்திரி இருந்து நானே டெஸ்ட் பண்ணி பாத்தேன், இப்ப கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு, கேளுங்க.

கேமரா படத்துல எழுதுத நேரத்துக்கு, அதாவது படத்துக்குள்ளயே கேமரா எழுதி வைக்க எக்ஸிப் விவரத்துல உள்ள நேரத்துக்கு, ரொம்ப காலம் ஊரு கெடையாது. 10:20ன்னா 10:20, அது களியக்காவிளையா லண்டனான்னு பைல்ல இருக்காது. 2016ல எக்ஸிப் 2.31 வந்தப்பதான் +05:30 மாதிரி உலக நேரத்துல இருந்து உள்ள வித்தியாசத்த எழுத தனி இடம் குடுத்தாங்க. அண்ணனுக்க புது கேமரா அத எழுதுகு, பழசு எழுதல்ல. இந்த புது பதிப்பு எல்லா நேரத்தையும் உலக நேரத்துக்கு மாத்தி கேட்டலாக்ல வைக்கி. வித்தியாசம் எழுதாத படம் வந்தா நம்ம கம்ப்யூட்டர் இருக்க ஊரு நேரம்னு எடுக்கணும், அது எடுக்காம ஏற்கெனவே உலக நேரம்தான்னு நெனச்சு காட்டும்போது இன்னொரு அஞ்சரை மணிய கூட்டுகு. லண்டன்ல குளிர்காலத்துல இருந்து டெஸ்ட் பண்ணியிருந்தா இது கண்ணுலயே படாது, அங்க வித்தியாசம் பூஜ்யம்.

இது பக்தான், சாப்ட்வேர்ல உள்ள பிழை. ஆனா காப்பி எடுக்காதது பக் இல்ல, அத நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செங்கோட்டை மாமா
அடேயப்பா, டெஸ்டர் தம்பி இறங்கி வந்துட்டாரு. ஏம் தம்பி, இந்தியாவுல ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல ரெண்டு கேமரா படத்த போட்டு பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. அத நம்மள வச்சு பாக்குதான், அதுவும் நாம காசு குடுத்து. சம்பளம் இல்லாத டெஸ்டர் நாமதான், நீரு இல்ல.

பாறசாலை டெஸ்டர்
மாமா, உலகத்துல உள்ள எல்லா கேமராவையும் வாங்கி வச்சு எந்த கம்பெனியும் டெஸ்ட் பண்ண முடியாது. பீட்டா விட்டாங்க, எத்தன பேரு ஏத்தி பாத்து சொன்னோம்? ஒருத்தரும் கெடையாது. புதுசே வேண்டாம்னா புது கேமராவோட ரா பைல், அதாவது கேமரா எழுதுத மூலப் படம், எப்படி திறக்கும்? உங்களுக்கு பழைய கேமரா, பழைய சாப்ட்வேர், பழைய கம்ப்யூட்டர், ஒத்துப் போவுது. எல்லாருக்கும் போவாது. பிகாசாங்கிற போட்டோ சாப்ட்வேர 2016 மார்ச்சுல கூகுள் நிறுத்துன அப்புறமும் கட்டிப் பிடிச்சுட்டு இருந்தது நீங்கதானே.

செங்கோட்டை மாமா
இருந்தேன், இப்பவும் இருக்கு. ஒருநாளும் அது தாலிக்கு முன்னாடி பந்தி வச்சது இல்ல.

களியக்காவிளை ஸ்டூடியோ
இன்னும் ஒண்ணு கெடக்கு, அதையும் சொல்லியருகேன். கொல்லங்கோட்டுக்கு ரெண்டு டேக், படத்த தேட ஒட்டி வைக்குக பேரு, வருகு. ஒண்ணுல 1,940 படம், இன்னொண்ணுல 312. அங்க கோயில்ல நடக்குக மீன பரணி தூக்கத் திருவிழாவுக்கு வருசாவருசம் போயி எடுத்தது எல்லாம் அதுலதான் உண்டு. பிள்ளைய கையில வச்சிட்டு தூக்கவில்லுல தொங்குக படம் ஒண்ணு பத்திரிகைக்கு கேட்டாங்க, தேடினா பெட்டெண்ணு 312தான் வருகு, கேட்ட படம் அதுல இல்ல. மத்தது அழிஞ்சு போச்சோண்ணு ஒரே வெப்ராளம்.

கொழிஞ்சாம்பாறை
அது தப்பில்லைங்க, கொல்லங்கோடு ரெண்டு இருக்குதுங்களே. எங்க பாலக்காட்டுப் பக்கம் ஒண்ணு, உங்க பக்கம் ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா பிரிச்சிருக்கும், நல்ல சாப்ட்வேர்தானுங்க.

களியக்காவிளை ஸ்டூடியோ
சாரே, நான் பாலக்காட்டு கொல்லங்கோட்ட கண்ணால கண்டதே இல்ல. ரெண்டும் எங்க கொல்லங்கோடுதான், ஒரே கோயில், ஒரே தூக்கம். எழுத்தும் ஒண்ணுபோலதான் இருக்கு, லென்ஸ் வச்சு பாத்தாலும் வித்தியாசம் இல்ல.

கொழிஞ்சாம்பாறை
அட, அப்படிங்களா. பழைய மேக் கம்ப்யூட்டர் ஏதாச்சும் வச்சிருந்தீங்களா?

களியக்காவிளை ஸ்டூடியோ
2014 வரைக்கும் மேக்தான். அந்த ஹார்ட் டிஸ்க்ல உள்ள போல்டர் பேர வச்சுத்தான் பழைய டேக் எல்லாம் உண்டாச்சு. அது என்னத்துக்கு?

கொழிஞ்சாம்பாறை
அதுதானுங்க. கொ-ங்கிற எழுத்த யூனிகோடுல, அதாவது கம்ப்யூட்டர் எழுத்துக்கான பொதுக் குறியீட்டுல, ரெண்டு விதமா எழுதலாம். க-வுக்கு அப்புறம் ஒகரக் குறிய ஒரே குறியா போடலாம், இல்லைன்னா முன்னாடி ஒத்தக் கொம்பு, பின்னாடி கால்னு ரெண்டா பிரிச்சும் போடலாம். கண்ணுக்கு ஒண்ணுதான். யூனிகோடு விதிப்படியும் ரெண்டையும் ஒண்ணாத்தான் எடுக்கோணும். விண்டோஸ்ல நீங்க தட்டுனா சேந்து வரும், பழைய மேக் டிஸ்க் பைல் பேர பிரிச்சுத்தான் எழுதி வைக்கும். பழைய பதிப்பு ஒப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்கிட்டு பாத்திருக்கும், புதுசுல அந்த வேலைய உட்டுட்டாங்க. கொ, கோ வர்ற டேக் எல்லாமே பாருங்க, கோட்டாறு, தக்கோலைன்னு எல்லாம் ரெண்டா இருக்கும். குளச்சல் ஒண்ணாத்தான் இருக்கும்.

களியக்காவிளை ஸ்டூடியோ
பாத்தேன். கோட்டாறு ரெண்டு. குளச்சல் ஒண்ணு. நீங்க மனுசனே இல்ல சாரே.

தக்கலைண்ணு சொல்லணும் கேட்டியளா, தக்கோலை இல்ல.

கொழிஞ்சாம்பாறை
ஹஹ, மன்னிச்சுக்குங்க, அந்தப் பக்கம் வந்ததில்லைங்க.

கூடலூர் கிளிக்ஸ்
எனக்கு மலையாள பேருலயும் இதே பிரச்சனை. அனில்னு கஸ்டமர் பேரு, மலையாளத்துல டைப் பண்ணி தேடினா பழைய படம் வரவே மாட்டேங்குது. அப்ப அதுவும் இதே பக்தானே?

பாறசாலை டெஸ்டர்
அது வேற. கடைசில வர்ற ல் மலையாளத்துல சில்லெழுத்து, உயிர் சேராம தனியா நிக்க மெய்யெழுத்து. 2008ல யூனிகோடு 5.1 வர்றதுக்கு முன்னாடி அத மூணு குறி சேத்து எழுதினாங்க, அப்புறம்தான் ஒவ்வொரு சில்லுக்கும் தனி இடம் குடுத்தாங்க. பழசும் புதுசும் ஒண்ணுன்னு யூனிகோடு சொல்லல்ல. தமிழ் கொ-வ பிரிச்சுப் பாக்கது கம்பெனி தப்பு, சில்லுக்கு அவங்கள குத்தம் சொல்ல முடியாது. எல்லாத்தையும் தூக்கி ஒரே தலையில வைக்கக்கூடாது.

செங்கோட்டை மாமா
தம்பிக்கு அந்த கம்பெனி மேல அம்புட்டு பாசம்.

பாறசாலை டெஸ்டர்
பாசம் இல்ல மாமா, திட்டுனா சரியான இடத்துல திட்டணும், அவ்வளவுதான். உண்மையிலேயே திட்ட வேண்டிய கேசுன்னா 2020 ஆகஸ்ட்ல ஐபோனுக்கு வந்த லைட்ரூம் 5.4. கிளவுடுக்கு ஏறாத படமும் பிரிசெட்டும், அதாவது சேத்து வச்ச கலர் திருத்தமும், ஒரேயடியா போச்சு, திரும்ப எடுக்க வழியே இல்லன்னுட்டாங்க. இங்க அண்ணனுக்க ஒரு படமும் போகல்ல. ரா பைல்ல உள்ள நேரம் அப்படியேதான் இருக்கு, கேட்டலாக்ல மட்டும்தான் தப்பு.

களியக்காவிளை ஸ்டூடியோ
அதுலயும் ஒரு பாதி உண்மதான் உண்டு தம்பி. மாத்தம் எல்லாம் தானாட்டே படத்துக்க கூட கெடக்குக எக்ஸ்எம்பிண்ணு சின்ன பைல்ல எழுதணும்ண்ணு நான் செட் பண்ணி வச்சிருந்தேன். நீங்கள்லாம்தானே சொன்னது, அப்பதான் பாதுகாப்புண்ணு. தப்பு நேரத்த அதுலயும் எழுதி வச்சிருக்கு. இனி எந்த சாப்ட்வேர்ல திறந்தாலும் 3:50க்குதான் தாலி.

கூடலூர் கிளிக்ஸ்
எக்ஸ்எம்பி எல்லாத்தையும் டெலிட் பண்ணுங்க ப்ரோ, முடிஞ்சுது.

கொழிஞ்சாம்பாறை
ஐயோ வேண்டாமுங்க! ஸ்டாரு, டேக்கு, கலர் திருத்தம் எல்லாம் அதுலதானே இருக்குது. எக்ஸிப்டூல்னு ஒரு சாப்ட்வேர் வச்சு நேரத்துல மட்டும் 5:30 கொறைங்க, பழைய கேமரா மாடல் பேர நிபந்தனையா குடுத்தா அந்தப் படத்த மட்டும் தொடும். திருத்தறதுக்கு முன்னாடி மூலத்த அதுவே காப்பி வெச்சுக்கும். முதல்ல பத்து படத்துல பண்ணிப் பாருங்க. அப்புறம் எதுக்கு காசு கெட்டிட்டு, டிஜிகேம்ங்கிற கேட்டலாக் சாப்ட்வேருக்கு வந்திருங்க, இலவசம், நான் பல வருசமா அதுதான்.

செங்கோட்டை மாமா
டிஜிகேம் கிராஷே ஆனதில்லையா ஓய்?

கொழிஞ்சாம்பாறை
ஆயிருக்குதுங்க. ஆனா யாருக்கும் காசு கெட்டலைங்களே, அதனால கோவம் வராது.

களியக்காவிளை ஸ்டூடியோ
வந்தேன். நடந்தத சொல்லியருகேன். ஆடியில ஏத்துகதுக்கு முந்தின நாள் அசிஸ்டென்ட் பய தானாட்டே கேட்டலாக்க ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சிருக்கான். நான் வஞ்ச அதே பய. சாப்ட்வேர அடைச்ச பொறவு எடுத்தியாண்ணு கேட்டேன், அடைச்சுட்டுதான் எடுத்தேன்ங்கான். பழைய பதிப்ப ஏத்தி, அந்த காப்பிய திறந்து, சாரு சொன்னது போல எக்ஸ்எம்பில நேரத்த கொறச்சு, ஆவணி படம் எல்லாம் திரும்ப உள்ள எடுத்தாச்சு. தாலிகெட்டு 10:20. கொல்லங்கோடு ஒண்ணு.

பாறசாலை டெஸ்டர்
அப்ப காப்பி இருந்ததாலதான் தப்பிச்சீங்க. நான் சொன்னதுதானே.

களியக்காவிளை ஸ்டூடியோ
முழுசாட்டு தப்பிக்கல்ல தம்பி. ஸ்டாரு வந்தது, டேக் வந்தது. செலக்சனுக்கு போட்ட கொடி மட்டும் எக்ஸ்எம்பில போகாதாம், அது புது கேட்டலாக்லயே கெடக்கு, பழசுல திறக்க வழி இல்ல. டிசைனர் பயகிட்ட பட்டியல் கேட்டேன், பந்தி குழப்பத்துல அவன் எல்லாத்தையும் அழிச்சாச்சாம். அதனால பொண்ணுக்க பெரியம்மைய மறுபடி கூப்பிட்டு இருத்தியிருக்கேன். போன தடவ புடிச்சது ஒண்ணும் இந்த தடவ புடிக்கல்ல. 3,400ல 212ல நிக்காங்க. ரெண்டு சாயா ஆச்சு, பழம்பொரி வாங்க பயல விட்டிருக்கேன். அந்த நேரம் தப்பாகுக பக் விவரத்த கம்பெனிக்கு எழுதி அனுப்புங்க தம்பி, பழைய கேமரா படம் ரெண்டு நான் அனுப்பித் தாறேன். கூப்பிடுகாங்க, பொறவு வாறேன்.