புதுப்பிப்பு: 6551 சில்லு 38,400 பாட் வேகத்தில் இயங்குகிறது

6502 செயலியைக் கொண்டு நானே கட்டிய கணினியில், பிட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பிப் பெறும் 6551 தொடர் இணைப்புச் சில்லை 19,200 பாடுக்கு (வினாடிக்கு 19,200 பிட்டுகள்) மேல் இயக்க வழி கேட்டிருந்தேன். ஆலோசனை கூறிய அனைவருக்கும் நன்றி. சில்லுக்குக் கடிகாரத் துடிப்பு தரும் 1.8432 மெகாஹெர்ட்ஸ் படிகத்துக்குப் பதிலாக 3.6864 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பொருத்தும்படி வந்த யோசனையே பலித்தது. எல்லா வேகங்களும் இரட்டிப்பாவதால், வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் (சில்லுக்குள் உள்ள சிறு நினைவிடம்) 19,200-க்கு உரிய மதிப்பை எழுதினால் கம்பியில் 38,400 கிடைக்கிறது.

எதிர்பாராத சிக்கல் வேறிடத்தில் இருந்தது. தேடி வருவோர் இதையே முதலில் கவனிக்க வேண்டும். இந்த வேகத்தில் ஏறக்குறைய 260 மைக்ரோவினாடிக்கு ஓர் எழுத்து வருகிறது. பெறப்பட்ட எழுத்துகளை வரிசையாகச் சேமித்துவைக்கும் வசதி சில்லில் இல்லாததால், திரை உருளும்போது சில எழுத்துகள் தொலைந்தன. எதிர்முனைக் கருவி அனுப்புவதை நிறுத்திவைக்க, அதற்குச் சைகை தரும் ஆர்டிஎஸ் (RTS) கம்பியை உயர்த்தியபோது, கட்டளைப் பதிவகத்தில் அதற்குரிய பிட்டுகளே அனுப்பும் பகுதியையும் முடக்குவதால், அப்போது வெளியே சென்றுகொண்டிருந்த எழுத்து சிதைந்தது. ஆகவே ஆர்டிஎஸ் முனையைத் தாழ்நிலையிலேயே விட்டுவிட்டு, உள்ளீடு-வெளியீட்டுச் சில்லான 6522-இல் பயன்படாதிருந்த ஒரு முனையை எதிர்முனை தான் அனுப்பலாமா என்று பார்க்கும் சிடிஎஸ் (CTS) கம்பியுடன் இணைத்து, பெற்ற எழுத்துகளைக் கணினியின் நினைவகத்தில் சேர்த்துவைக்கும் இடையகம் நிரம்பும் முன்பே அதை உயர்த்தும்படி எழுத்து வந்ததும் இயங்கும் குறுக்கீட்டு நிரலைத் திருத்தினேன். இப்போது நீளமான கோப்புகளும், இரு திசையிலும் ஒரே நேரத்தில் அனுப்பினாலும், பிழையின்றி வந்து சேர்கின்றன.