சின்ன பெட்ரோல் எஞ்சினுக்கு எந்த டர்போ? கைக்கு வந்த கேஸ்களைப் போடுங்க

வால்வுகவர்

மாருதி எஸ்டீம் 1.3, ஸ்டாக் (கம்பெனி) பிஸ்டன், சென்னை புதுப்பேட்டை பழைய ஸ்பேர் மார்க்கெட்டுல எடுத்த ஸ்விஃப்ட் டீசல் டர்போ, கேபி35. 2,000 ஆர்பிஎம்லயே பூஸ்ட் (டர்போ தள்ளுற கூடுதல் காத்தழுத்தம்) ஏறுது, ஓனருக்கு ஏக சந்தோஷம். 4,500 தாண்டினா எவ்வளவு மிதிச்சாலும் இழுவை இல்லை. பம்ப், இன்ஜெக்டர், காயில்னு எல்லாத்தையும் மாத்திட்டுத்தான் வண்டி வந்துச்சு.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல ஒரு நிப்பிள் வெல்ட் பண்ணி, ஒரு மீட்டர் செப்புக் குழாயைச் சுருட்டி அதுக்கப்புறம் கேஜ் (நேரா ஹோஸ் மாட்டினா உருகிடும்). இன்டேக்ல 0.5 பார், டர்பைனுக்கு (எக்ஸாஸ்ட் சுத்திவிடற சக்கரம்) முன்னாடி 1.4 பார்! எரிஞ்ச கேஸ் வெளியே போக முடியாம சிலிண்டர்லயே தங்குது, அந்தச் சூட்டுல அடுத்த சார்ஜ் நாக் ஆகுது (தானா வெடிக்குது). டர்பைன் ஹவுசிங்கைக் கழட்டிப் பார்த்தா, வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை தாண்டாம எக்ஸாஸ்டைத் திருப்பி விடற கதவு) ஓட்டைக்கும் ஸ்க்ரோலுக்கும் (சக்கரத்தைச் சுத்தின நத்தைக்கூட்டு வழி) நடுவுல தலைமுடி கனத்துக்கு விரிசல்.

நாலாம்கியர்

கேபி35 மேல பழி போடாதீங்க. அதே டர்போ, 0.3 பார், 5,000 ஆர்பிஎம்ல ரெவ் கட் (அதுக்கு மேல எஞ்சினைச் சுத்த விடாது), இன்னொரு எஸ்டீம்ல ஒழுங்கா ஓடுது. சிட்டில யாரு 6,000 போறாங்க? 0.5 கேட்டது ஓனர் ஆசை, டர்போ தப்பு இல்லை.

கணக்குப்பிள்ளை

நாலாம்கியர், 5,000-ல் கட் வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றால் அந்த எஞ்சினுக்கு அது பொருந்தவில்லை என்றுதானே அர்த்தம்? கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

1,298 சிசி, 6,000 ஆர்பிஎம், நான்கு ஸ்ட்ரோக்: நிமிடத்துக்கு 3,894 லிட்டர். 85 விழுக்காடு நிரம்புவதாக வைத்தால் சுமார் 3,300. மேனிஃபோல்டில் 0.5 பார் பூஸ்ட், 50 டிகிரி என்றால் காற்று நிமிடத்துக்கு 5.3 கிலோ சொச்சம், அதாவது 11.8 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 10 குதிரைத்திறன். ஆக 115-120. கேபி35 பிறந்த டீசலோ 4,000 ஆர்பிஎம்மில் 75 பிஎஸ். அதுமட்டுமல்ல, பெட்ரோல் எக்ஸாஸ்ட் முழு லோடில் 900 டிகிரியைத் தாண்டும். டீசல் அதைவிடக் குளிர்ச்சி. அதே எடைக் காற்று, சூட்டில் விரிந்து அதிக கன அளவாக டர்பைனுக்குள் நுழையப் பார்க்கிறது. வால்வுகவர் கேஜில் பார்த்த 1.4 அங்கிருந்துதான் வருகிறது. சக்கரத்தின் உலோகமும் டீசல் சூட்டுக்கு அளந்து போட்டது.

இந்த அளவுக்கு காரெட் ஜிடி1544 சரி (100-150 குதிரைத்திறன், 1.0-1.6 லிட்டர்). ஜிடி1241 திறனில் 130 வரை எட்டும், ஆனால் மேல் ரெவ்வில் மூச்சு முட்டும். மாருதி 800-க்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு 1241.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் இன்ஜெக்டர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 118 குதிரைத்திறன், ஒன்றுக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல், நான்கால் வகுத்து, 80 விழுக்காடு டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்): நிமிடத்துக்கு 232 சிசி வருகிறது. 240-க்குக் குறையாமல் வாங்குங்கள். பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸ் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூஸ்ட் ஏற ஏற இன்ஜெக்டர் தள்ளும் அளவு குறையும். ஸ்டாக் மேப் சென்சர் (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) 1 பாரோடு நின்றுவிடும், 2.5 பார் சென்சர் போட்டு இசியூவில் (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஸ்கேல் மாற்றுங்கள். டியூனிங்கில் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) எண்ணை விட்டுவிட்டு லாம்டா (முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட அளவு) பாருங்கள், எத்தனால் கலவை மாறினாலும் 0.80-0.82 அப்படியே பொருந்தும். பிளக் ஒரு படி கூல், என்ஜிகே 6 என்றால் 7, கேப் 0.7 மிமீ.

போரூர்லேத்

கணக்கெல்லாம் சரிதான். ஸென் ஒண்ணு, சரியான டர்போ, சரியான டியூன். ஹைவேல ஓட்டிட்டு வந்து ஐடில்ல விட்டா நீலப் புகை. சீல் போச்சுன்னு வேற மெக்கானிக் டர்போவையே மாத்தியிருக்கார், புதுசும் புகையுது. ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் டிரைவ் ஷாஃப்டைத் தாண்டுற இடத்துல ஒரு மேடு, அவ்வளவுதான்.

டர்போவுல இருந்து வர ஆயில் பிரஷர்ல வராது, நுரையோட தானா விழுந்து வரும். உள் அளவு 12 மிமீக்குக் குறையக்கூடாது, 16 வெச்சா நிம்மதி. நெடுக இறக்கமா இருக்கணும், சம்ப்புல (எஞ்சின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேல சேரணும். சென்டர் ஹவுசிங்கைச் சாய்ச்சு மாட்டினாலும் டிரெயின் வாய் செங்குத்துல இருந்து 35 டிகிரி தாண்டக்கூடாது. சம்ப்பைக் கழட்டாம ஓட்டை போடறவங்க இருக்காங்க. அந்தத் தூள் போற இடம் ஆயில் பம்ப் ஸ்ட்ரெய்னர்.

கல்லார்ஏத்தம்

யாரும் உயரத்தைப் பத்திப் பேசலையே? மேட்டுப்பாளையம் வரைக்கும் சுத்தமா ஓடுன ஜிடி1241 வண்டி, குன்னூர் தாண்டினதும் இன்டேக் சூடு எகிறுச்சு. ஊட்டியில காத்தழுத்தமே 0.77 பார். ஸ்பிரிங் வேஸ்ட்கேட் மட்டும் இருந்தா 0.5 மேல சேர்ந்து பிரஷர் ரேஷியோ (டர்போவை விட்டு வர அழுத்தம், உள்ளே போறதைப் போல எத்தனை மடங்கு) 1.65, அது பரவாயில்லை. இந்த வண்டில எலக்ட்ரானிக் கன்ட்ரோலர், டார்கெட் 1.5 பார் ஆப்சல்யூட் (வெளிக்காத்தழுத்தத்தையும் சேர்த்து). ரேஷியோ 1.95. டர்போ அதைக் கொடுக்கத் தாறுமாறா சுத்துது. மலைக்குப் போற வண்டின்னா பாரோமெட்ரிக் டேபிள்ல டார்கெட்டைக் குறைங்க, இல்லன்னா பூஸ்ட் கன்ட்ரோலரோட சோலனாய்டு வயரைக் கழட்டி ஸ்பிரிங்ல ஓட்டுங்க.

நாலாம்கியர்

ஊட்டிக்கு எல்லாம் 1.95 கேட்கிறவன் எந்த டர்போ போட்டாலும் உடைப்பான். என் பாயிண்ட் அதேதான், பூஸ்டைக் குறை.

வால்வுகவர்

பூஸ்டைக் குறைக்கறதுக்கும் வழி வேணும் பாஸ். ஸ்பிரிங் 0.5ன்னா எந்தக் கன்ட்ரோலரும் அதுக்குக் கீழ இறக்காது, ஆக்சுவேட்டரையே மாத்தணும். வேஸ்ட்கேட் ஓட்டை சின்னதா இருந்தா 0.3 ஸ்பிரிங் போட்டாலும் மேல் ரெவ்ல பூஸ்ட் தானா ஏறும், விடியக்காலைக் குளிர்ல இன்னும் மோசம். உங்க எஸ்டீம்ல 5,000ல எவ்வளவு காட்டுதுன்னு லாக் எடுத்துப் போடுங்க, 0.3ன்னு நம்பிக்கிட்டு இருக்காதீங்க.

தட்டான்பூச்சி

பிசிவி லைன்ல (கிராங்க்கேஸ் புகையை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோற குழாய்) செக் வால்வு போடாத ஆல்டோ. முதல் பூஸ்ட்லயே டிப்ஸ்டிக் குதிச்சு வெளியே வந்து பானட் அடியெல்லாம் ஆயில். 10 மிமீ ஒன்-வே வால்வு, அம்பு மேனிஃபோல்டைப் பார்த்து. பிளாஸ்டிக் அக்வேரியம் வால்வு வேண்டாம், சூட்டுல இளகிடும்.