வயிற்றுநீர் நிறத்தாள் முன்சோதனை – கலைச்சொல் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டியவர்களுக்கு, அந்த நீரில் கிருமி சேர்ந்துவிட்டதா என்று கட்டிலருகிலேயே நிறம் மாறும் தாளை நனைத்துப் பார்க்கும் சோதனைக்கு ஐயா ஒருவர் அனுப்பியிருந்த சொல்:

> தன்னிச்சைச் சுற்றுவிரி அழற்சி விரைவுக் கண்டறிமுறை

'சுற்றுவிரி' என்பது வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வு. இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் நான் தருமபுரியில் பொதுமருத்துவ வார்டில் வேலை பார்ப்பவன். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் ராத்திரியில் ஆளைத் தூக்கிக்கொண்டு வருகிற குடும்பத்திடம் இந்தப் பெயரைச் சொல்லிச் சம்மதம் வாங்க முடியாது. அதைவிட முக்கியமாக, இந்தப் பெயர் மூன்று இடங்களில் மருத்துவத்தைத் தவறாகச் சொல்கிறது.

முதலாவது 'தன்னிச்சை'. 1964இல் ஹெரால்டு கான் இந்த நோய்க்கு 'ஸ்பான்டேனியஸ்' என்ற அடைமொழியைக் கொடுத்தார். குடலில் ஓட்டை இல்லை, சீழ்க்கட்டி இல்லை, வயிற்றைத் திறந்து அடைக்க வேண்டிய மூலம் எதுவும் இல்லை என்பதே அதன் உட்பொருள். ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் கிருமிகள் குடற்சுவரைக் கடந்து நீருக்குள் வந்துவிடுகின்றன. புரதம் குறைந்த அந்த நீருக்கு அவற்றை எதிர்க்கத் தெம்பில்லை. 'தன்னிச்சை' என்றால் இதில் எதுவும் விளங்காது. 'தான்தோன்றி' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது நம் பக்கம் வசவுச் சொல். 'துளையிலா' என்று வைத்தால், அறுவை அறைக்கு அனுப்புவதா, ஊசிமருந்து தொடங்குவதா என்ற கேள்விக்குச் சொல்லே பாதி பதிலைத் தந்துவிடும்.

இரண்டாவது 'அழற்சி'. அதிலும் எனக்கு உடன்பாடில்லை. வயிறு கல் மாதிரி இறுகியிருக்கும், தொட்டால் அலறுவார் என்று எதிர்பார்த்தால் பலரைத் தவறவிடுவோம். காய்ச்சல்கூட இல்லாமல், "நேத்துலருந்து ஆளு ஒரு மாதிரியாப் பேசறாருங்க" என்று மட்டும் சொல்லி அழைத்து வருவார்கள். நாம் பார்ப்பது நீரைத்தான். ஆகவே நோயின் பெயர்: துளையிலா வயிற்றுநீர்த் தொற்று.

மூன்றாவது தவறு 'கண்டறிமுறை'. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நோயை உறுதி செய்வது எண்ணிக்கை: ஒரு கன மில்லிமீட்டர் நீரில் 250 அல்லது அதற்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள். தாள் அணுக்களை எண்ணுவதில்லை. அவை வெளிவிடும் லூகோசைட் எஸ்டரேஸ் என்ற நொதியைத்தான் காட்டுகிறது. சிறுநீருக்கென்று செய்த அதே தாள்தான். நீரில் நனைத்து எடுத்து இரண்டு நிமிடம் பொறுத்தால், வெளிறிய கட்டம் மெல்ல ஊதாவுக்கு மாறும். எவ்வளவு ஊதா என்பதைக் குப்பியின் மேல் ஒட்டிய நிற வரிசையோடு ஒப்பிட வேண்டும். டியூப்லைட் மங்கலாக எரியும் வார்டில் இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விடை வரும். ஆய்வுகளிலும் இப்படித்தான்: உள்ள நோயைப் பிடிக்கும் திறன் 45 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை சிதறிக் கிடக்கிறது. இதை மட்டும் நம்பி முடிவெடுக்க ஐரோப்பிய ஈரல் சங்கத்தின் வழிகாட்டுதல் இடம் தரவில்லை. தாள் நிறம் மாறவில்லை என்று நிம்மதியாகப் போய்விடும் ஆபத்தைப் பெயரே உண்டாக்கக் கூடாது. 'முன்சோதனை' என்றால் பின்னால் ஒன்று வர வேண்டும் என்பது காதிலேயே விழும்.

பிறகு ஏன் இந்தத் தாள்? நேரம்தான். மருத்துவமனையில் சேர்த்து 12 மணி நேரம் கழிந்தபின் நீர் எடுக்கப்பட்டவர்கள் இறக்கும் வாய்ப்பு, முன்னதாக எடுக்கப்பட்டவர்களைவிட 2.7 மடங்கு என்று 2014இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ராத்திரியில் அணு எண்ணிக்கை கைக்கு வராத இடத்தில், ஊதா தெரிந்தால் செஃபோடாக்சிம் என்ற கிருமிக்கொல்லி ஊசி போடக் காலைவரை காத்திருக்க வேண்டியதில்லை.

தாளுக்குப் பதில் 'பட்டை' என்ற சொல் வேண்டாம். ஈரல் நோயாளியிடம் போய்ப் 'பட்டை' என்றால் அவர் நினைவுக்கு வருவது சாராயம். அது அவரைக் குற்றவாளி ஆக்குவது போல் ஆகும். குடிக்காதவர்களுக்கும் மஞ்சள்காமாலைக் கிருமியாலும் கொழுப்பாலும் ஈரல் சுருங்குகிறது. பிளாஸ்டிக்கை எப்படித் 'தாள்' என்பது என்று கேட்டிருந்தீர்கள். பள்ளியில் லிட்மஸ் தாள் பார்த்த எவருக்கும் 'நிறத்தாள்' புரியும். 'வயிற்றுநீர்' என்பதற்குப் பதில் 'நீர்க்கோவை' என்றால், அது சித்த மருத்துவத்தில் சளி, தலைபாரத்துக்கு ஏற்கெனவே வழங்குகிறது. 'மகோதரம்' பழைய நல்ல சொல்தான், ஆனால் நீரைத் தனியே குறிக்க உதவாது. ஆகவே வயிற்றுநீர் நிறத்தாள் முன்சோதனை.

இன்னொன்றையும் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கக் கேட்கிறேன். ஊசி குத்தி வயிற்றுநீரை எடுப்பதைக் குறிக்கும் 'டேப்பிங்' என்ற ஒரே வார்த்தையை வார்டில் இரண்டு வேலைக்குச் சொல்கிறோம். "தண்ணி எடுத்தா உசுரு போயிடும்" என்று உறவினர்கள் மறுப்பது லிட்டர் கணக்கில் எடுப்பதை நினைத்து. 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தை ஏற்ற வேண்டியதும் உண்மை. தொற்று பார்க்கவோ ஒரு சிரிஞ்சு போதும். அதில் 10 மில்லியை அங்கேயே கிருமி வளர்ப்புக் குப்பியில் விட்டுவிடலாம். முதலாவதற்கு நீர் இறக்கல், இரண்டாவதற்கு நீர்மாதிரி எடுத்தல் என்று தனித்தனிப் பதிவாக வைக்க வேண்டும். சம்மதப் படிவத்தில் இரண்டாவது சொல் இருந்தால் பாதிப் பேர் அப்போதே கையெழுத்துப் போடுவார்கள் என்று நம்புகிறேன்.